டீ கிளாஸுக்குள்ள ஒரு பேர்!

கிளாஸை கட் அடிச்சுட்டு கேன்டீன்ல டீ குடிக்கிறீங்களா? அந்தச் செடியோட பேர் தெரியுமா? கமேலியா சைனென்சிஸ். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கிற புதர்ச்செடி. வெள்ளையா, நடுவுல மஞ்சளா பூக்கும்.

ஃபர்ஸ்ட் இயர் பாட்டனி கிளாஸில் இதைக் கேட்டதும் ஒட்டகத்தை நினைத்துச் சிரித்தோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ஜார்ஜ் ஜோசப் காமெல். 1661-ல், இன்றைய செக் குடியரசில் பிறந்தவர். மணிலாவில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தவர். பிலிப்பைன்ஸ் செடிகளைப் பற்றி எழுதி, வரைந்து லண்டனுக்கு அனுப்பியவர். 1706-ல் இறந்தார். 1753-ல் லின்னேயஸ் அவர் நினைவாக ஒரு பேரினத்துக்கு 'கமேலியா' என்று பெயர் வைத்தார். டீச்செடி பின்னாடிதான் அதில் சேர்ந்தது. இத்தனைக்கும் கமேலியாவைக் கண்டுபிடிச்சது காமெல் இல்லை!

எனக்குச் சட்டுனு அம்மா ஞாபகம் வந்துடுச்சு. வால்பாறையில் கொழுந்து பறிக்கிறாங்க. ஹாஸ்டலில் யார் கேட்டாலும், "எஸ்டேட்ல வேலை" என்பேன். ஆபீஸர்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்னு விட்டுடுவேன். கண்டுபிடிக்காதவருக்கே செடியில பேர் இருக்கு. மழையிலயும் அட்டைக்கடியிலயும் அதே செடியோட நிக்கிற அம்மாவை நானே மறைக்கிறேனே!

அன்னிக்குச் சாயங்காலமே கேன்டீன்ல உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தன், "லீவுக்கு எங்களையும் கூட்டிட்டுப் போடா. அம்மா கையால டீ குடிக்கணும்" என்றான்.

நீங்களும் வீட்டில் யாரையாவது மறைச்சு வெச்சிருக்கீங்களா? டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுங்க!