12 வோல்ட்டு தானே மாமா!

உங்க விரல்ல மோதிரம் இருக்கா? இருந்தா ஒரு தடவை பார்த்துக்குங்க. எங்க மாமா விரல்ல இப்போ மோதிரம் இல்லை. அது இருந்த இடத்துல, அதே அகலத்துக்கு, விரலைச் சுத்தி வெளுத்த தழும்பு ஒண்ணு இருக்கு. அதுக்குக் காரணம் நான்தான். நானும், ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்ல நான் வாங்கின மார்க்கும்!

மாமாவுக்குக் கல்வராயன் மலையில பிக்கப் ஓட்டுற தொழில். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏத்திக்கிட்டு கீழே இறங்குவார். காலேஜ் லீவு விட்டா நான்தான் கிளீனர். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி வண்டி மலையேற ஆரம்பிச்சதும் ஜன்னல் வழியா ஒரு காத்து வரும் பாருங்க... சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

2023 பொங்கல் லீவு. நான் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். விடியக்காலை, நல்ல பனி. லோடு ஏத்தியாச்சு. மாமா சாவியைத் திருகினா 'டிக்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கலை. பானெட்டைத் திறந்தா பேட்டரியோட ப்ளஸ் டெர்மினல் பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போய்க் கிடக்கு. பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு, கான்டாக்ட்தான் கிடைக்கலை. கழட்டிச் சுரண்டி மாட்டினா வேலை முடிஞ்சது. மாமா ஸ்பேனரை எடுத்துட்டு ஒரு நிமிஷம் யோசிச்சார்.

"கையெல்லாம் ஈரமா இருக்கே மாப்ள, ஷாக் கீக் அடிக்குமா?"

"12 வோல்ட்டு தானே மாமா! ஒண்ணும் பண்ணாது, கழட்டுங்க."

நான் சொன்னது தப்பில்லைங்க, அதுதான் கொடுமை! நம்ம தோலோட மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். ஓம் விதிப்படி 12 வோல்ட்டை அதால வகுத்தா வர்ற கரன்ட், மில்லி ஆம்பியர் கணக்குலதான் இருக்கும். பெரும்பாலும் உணரக்கூட முடியாது. பரீட்சையில இப்படி எழுதினா ஃபுல் மார்க். ஆனா மாமா விரல்ல நிச்சயதார்த்த மோதிரம் இருந்ததை நான் கணக்குலயே எடுத்துக்கலை.

ஸ்பேனர் ப்ளஸ் போல்ட்டுல. பக்கத்துலயே பேட்டரியைப் பிடிச்சு வச்சிருக்கிற இரும்பு கிளாம்ப். அது வண்டி பாடியோட சேர்ந்தது. பாடி முழுக்க மைனஸ். மாமா இறுக்கித் திருகினப்போ ஸ்பேனர் வழுக்கி, மோதிரம் ஸ்பேனருக்கும் கிளாம்புக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. 'பட்'டுன்னு ஒரு வெளிச்சம். மாமா கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு.

இப்ப அதே ஓம் விதியை மறுபடி போடுங்க. பாதையில தோல் இல்லை, தங்கம் இருக்கு. வெள்ளி, செம்புக்கு அடுத்தபடியா மின்சாரத்தை நல்லா கடத்துற உலோகம். மிச்சம் இருக்கிற தடை, பேட்டரியோட அகமின்தடைதான். அது நூத்துல ஒரு பங்கு ஓம்னு வச்சாலும் 12ஐ வகுத்தா 1,200 ஆம்பியர்! வெல்டிங் பட்டறையில இரும்பை உருக்குறதுக்கே நூறு, இருநூறு ஆம்பியர் போதும்.

ஒரு வண்டி பேட்டரிக்கு எதுக்கு இவ்வளவு வெறி? எல்லாம் செல்ஃப் மோட்டாருக்காக. அந்தக் காலத்துல முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் இன்ஜினைக் கிளப்பணும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைச்சு மணிக்கட்டு உடைஞ்சவங்க ஏராளம். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கின எலெக்ட்ரிக் செல்ஃப், 1912 காடிலாக் கார்ல வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைஞ்சது. ஆனா இன்ஜினைச் சுத்திவிட நூத்துக்கணக்குல ஆம்பியர் வேணுமே! கையைக் காப்பாத்த வந்த பேட்டரிதான் மாமா விரலைப் பதம் பார்த்துச்சு.

மோதிரம் உடனே வரலை. நல்லவேளையா பக்கத்து டீக்கடையில தண்ணி டிரம் இருந்தது. "பேஸ்ட் தடவு", "இங்க் ஊத்து"ன்னு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. டீக்கடை அக்கா மட்டும் எதையும் தடவ விடாம, மொண்டு மொண்டு பச்சைத் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தாங்க. ஓடுற தண்ணியில இருபது நிமிஷம் காட்டணும், வீங்கறதுக்குள்ள மோதிரத்தை எடுத்துடணும்னு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கீழே கொண்டுவந்து, வெட்டித்தான் எடுத்தாங்க. ஒரு ஓரம் உருகிச் சப்பையா இருந்தது. வழியெல்லாம் மாமா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

எந்த மெக்கானிக் ஷெட்ல வேணா கேட்டுப் பாருங்க, பதில் ஒண்ணுதான்: மைனஸை முதல்ல கழட்டு, கடைசியில மாட்டு. மைனஸைக் கழட்டுறப்போ ஸ்பேனர் பாடியில இடிச்சாலும் ரெண்டும் ஒண்ணுதான், ஒண்ணும் ஆகாது. அது விலகிட்டா அப்புறம் ப்ளஸ்ல என்ன இடிச்சாலும் சுற்று பூர்த்தியாகாது. இவ்வளவு சின்ன விஷயம்! மெக்கானிக்கல் படிச்சும் எனக்குத் தெரியலை.

இன்னொண்ணு, 'டவுன்' ஆன வண்டிக்கு ஜம்பர் ஒயர் போடுறப்போ கடைசி கறுப்பு கிளிப்பை அந்த பேட்டரியில மாட்டாதீங்க பாஸ். பேட்டரியிலேருந்து ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டா வெடிக்கும். அதனால தள்ளி, இன்ஜினோட வெறும் இரும்புல மாட்டணும். பீடி, சிகரெட் பத்தித் தனியா சொல்லணுமா?

பெட்ரோல் வண்டின்னா கதையே வேற. இக்னிஷன் காயில் அதே 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேல ஏத்திவிடும். இன்ஜின் ஓடுறப்போ பிளக் ஒயரைத் தொட்டா ஷாக்கே அடிக்கும். அந்த அதிர்ச்சியில கை போய் ஃபேன்ல விழுந்தா அது அதைவிட மோசம். ரேடியேட்டர் எலெக்ட்ரிக் ஃபேன் சில கார்கள்ல சாவியை எடுத்த பிறகும் திடீர்னு சுத்தும், ஞாபகம் இருக்கட்டும்.

எலெக்ட்ரிக் கார்ல ஆரஞ்சு கலர் கேபிளைப் பார்த்தா, கையைப் பின்னாடி கட்டிக்குங்க. உள்ளே நூத்துக்கணக்கான வோல்ட். 12 வோல்ட் பேட்டரியைக் கழட்டிட்டாலும் அந்தப் பெரிய பேட்டரியில சார்ஜ் அப்படியே இருக்கும். அது பயிற்சி எடுத்தவங்க வேலை.

போன லீவுல மறுபடி மலைக்குப் போனேன். பாதி ஏத்தத்துல ஹெட்லைட் மினுக்க ஆரம்பிச்சது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினோம். நான் முந்திக்கிட்டு, "மைனஸ் முதல்ல மாமா"ன்னு ஸ்பேனரை எடுத்தேன். மாமா என் கையைப் பிடிச்சு நிறுத்தினார்.

"அதெல்லாம் சரி மாப்ள, முதல்ல அந்த ஸ்டீல் வாட்ச்சைக் கழட்டு!"