அரசாங்க வாகனம் மோதினால்… 36 மாதங்களை மறவாதீர்!



பாடம், தேர்வு, பிள்ளை வளர்ப்பு என்றே எழுதிவரும் நான் இன்று சட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன். ஆயினும், நம் பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை எந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அருகிலிருந்து கண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தியின் தந்தை தொழிற்சாலை ஊழியர். 2021 ஏப்ரலில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, ஓர் அரசாங்கத் துறையின் லாரி சிறு சாலையிலிருந்து திடீரென வெளியேறி அவரை மோதியது. இடக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. லாரியை ஓட்டியவர் அத்துறையின் ஊழியர். பணி நேரத்தில் பணிக்காகவே ஓட்டிவந்தார்.

குடும்பத்தார் அத்துறைக்குக் கடிதம் எழுதினர். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினர், அதே பதில். 2023 நவம்பரில், தேர்ச்சி அறிக்கை பெற வந்த தாயார் அக்கடிதங்களை என்னிடம் காட்டினார். "அவசரமில்லை டீச்சர், விபத்து வழக்குக்கு ஆறு ஆண்டு தவணை இருக்கிறதாம். அரசாங்கத்தையே எதிர்த்து வழக்குப் போட்டுத்தான் ஆகவேண்டுமா என்றும் அவர் தயங்குகிறார்" என்றார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, தனியார் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள் உண்டு. ஆனால், எதிர்த்தரப்பு அரசாங்கமாகவோ, கடமையைச் செய்துகொண்டிருந்த அரசாங்க ஊழியராகவோ இருந்தால் கணக்கு வேறு. 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதங்களே தருகிறது. அக்குடும்பத்துக்கு மீதமிருந்தவை ஐந்து மாதங்கள் மட்டுமே. 'பரிசீலனையில் உள்ளது' என்னும் கடிதம் அந்த மாதங்களை நிறுத்தி வைக்காது.

மறுவாரமே அவர்களை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றேன். அன்று அறிந்தவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும் கீழே தொகுத்துள்ளேன்.

1. அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

முடியும். 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, பொது ஊழியர் பணியில் இழைத்த தவற்றுக்கு, ஒரு தனியார் முதலாளி தம் ஆளின் தவற்றுக்குப் பொறுப்பேற்பதைப் போலவே அரசாங்கமும் பொறுப்பேற்க வேண்டும். இதில் பகைமை ஏதுமில்லை. சட்டமே திறந்து வைத்த வாசல் இது.

2. ஓட்டுநரின் பெயர் ஏன் முக்கியம்?

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அந்த ஊழியர் மீதே வழக்குத் தொடுக்க முடியும் என்னும் நிலை இருந்தால்தான் அரசாங்கத்தின் மீதும் தொடுக்க முடியும். ஆகவே ஓட்டுநரை முதல் பிரதிவாதியாகவும் அரசாங்கத்தை அடுத்த பிரதிவாதியாகவும் குறிப்பிடுவது வழக்கம். விபத்து நடந்த இடத்திலேயே ஓட்டுநரின் பெயர், வாகன எண், கதவில் எழுதியுள்ள துறையின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், படமும் எடுத்துவையுங்கள்.

3. பணி நிமித்தப் பயணமா, சொந்தப் பயணமா?

அரசாங்க ஊழியர் ஒருவர் தம் சொந்தக் காரில் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் செல்லும்போது மோதினால், அவரும் அவருடைய காப்புறுதி நிறுவனமுமே பொறுப்பு, அரசாங்கம் அன்று. அரசாங்க வாகனங்களுக்குப் பயணக் குறிப்பேடு உண்டு. யார், எப்போது, எங்கே, எதற்காக ஓட்டினார் என்பது அதில் பதிவாகியிருக்கும். வழக்கில் அது முக்கியமான சான்று.

4. காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டால் போதாதா?

தனியார் வாகனங்களுக்குள்ள கட்டாயக் காப்புறுதியிலிருந்து அரசாங்க வாகனங்களுக்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் விலக்களிக்கிறது. எனவே, எதிர்த்தரப்பில் காப்புறுதி நிறுவனமே இல்லாமல் போகலாம். அப்போது கோரிக்கை நேரே அரசாங்கத்திடம்தான் செல்ல வேண்டும்.

5. உடனே செய்ய வேண்டியவை யாவை?

24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்யுங்கள். மருத்துவ அறிக்கை, மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு, வாகனப் பழுதுபார்ப்பு ரசீது ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேர்ந்த விபத்தாயின், சந்தா செலுத்தும் தொழிலாளர் பெர்கேசோவிடமும் தனியே விண்ணப்பிக்கலாம். சாலை விபத்து வழக்குகளைத் தொகை வரம்பின்றி விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்திற்கு உண்டு.

6. பாதிக்கப்பட்டது பிள்ளையாயின்?

பெற்றோர் பிள்ளையின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம். 'பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருக்க வேண்டாம். 36 மாதங்களை மனத்தில் கொண்டே செயல்படுங்கள். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால், அன்னாரை நம்பியிருந்தோர் தொடுக்கும் வழக்கிற்கும் மூன்று ஆண்டுகளே தவணை. துயர இழப்பீட்டுத் தொகை 2019ஆம் ஆண்டில் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

அக்குடும்பத்தின் வழக்கு 2024 பிப்ரவரியில், தவணை முடிய இரண்டு மாதங்கள் இருக்கும்போது பதிவாயிற்று. விசாரணை தொடங்குமுன் இரு தரப்பும் ஒரு தொகைக்கு உடன்பட்டன. மோட்டார் சைக்கிளில் வேகமாகச் சென்றார் என்று தந்தையின் மீதும் ஒரு பங்கு தவறு சுமத்தப்பட்டதால் கேட்ட தொகை முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் வீட்டுக் கடன் நிலுவை தீர்ந்தது. மூத்த மகள் படிப்பைத் தொடர்கிறாள். இரண்டு மாதம் கடந்து சென்றிருந்தால், யார் மீது தவறு என்னும் கேள்வியே எழாமல் வழக்கு தள்ளுபடியாகியிருக்கும்.

இனி, சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். மேலே 'அரசாங்க ஊழியர்' என்று படிக்கும்போது நாம் யாரோ ஓர் ஓட்டுநரை நினைத்துக்கொள்கிறோம். நாமும் அரசாங்க ஊழியர்களே! திருக்குறள் மனனப் போட்டிக்கும் திடல்தடப் போட்டிக்கும் நம் சொந்தக் காரில் மாணவர்களை ஏற்றிச் செல்கிறோமே, அந்தப் பயணத்தில் நம் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தால் முதல் பிரதிவாதியின் இடத்தில் நம் பெயர் இருக்கும்.

அதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. சாதாரணக் கார் காப்புறுதி, நம் காரில் அமர்ந்திருக்கும் பயணிகளுக்கு நாம் செலுத்த வேண்டிய இழப்பீட்டை ஏற்பதில்லை. பயணிகளுக்கான சட்டப் பொறுப்புக் காப்புறுதியைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கூடுதல் கட்டணம் மிகச் சிறியதே. பெற்றோர் தம் பிள்ளையை நம் காரில் ஏற்றிவிடும்போது இதையெல்லாம் கேட்பதில்லை. ஆசிரியர் என்ற நம்பிக்கையில் கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே அடுத்த போட்டிக்கு முன் மூன்று காரியங்கள் செய்வோம். காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அந்தச் சேர்க்கை உள்ளதா என்று பார்ப்போம். தலைமையாசிரியரிடம் பணி நிமித்தப் பயணத்திற்கான எழுத்துவழி அனுமதியைப் பெறுவோம். பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை வாங்கிவைப்போம். இருக்கைக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஓர் இடைவார். அதற்கு மேல் ஒருவரும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை