லெய்டனிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள கதிருக்கு,

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில். இங்கே பிஎச்.டி.க்கு நாம் பணம் கட்ட வேண்டாம், அவர்கள்தான் சம்பளம் தருவார்கள். நெதர்லாந்தில் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்கள். நான்கு வருட வேலை. முதல் வருடம் மாதம் சுமார் 3,000 யூரோ, அதில் வரி போகும். மே மாதம் விடுமுறைப் படி 8 சதவீதம், வருடக் கடைசியில் போனஸ் 8.3 சதவீதம். வீட்டு வாடகையைக் கேட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றும். அதை நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வேலை என்பதால் விண்ணப்பமும் அப்படித்தான். நுழைவுத் தேர்வு கிடையாது, ஜூன் மாத அட்மிஷனும் கிடையாது. ஒரு பேராசிரியருக்கு நிதி கிடைத்ததும் இன்ன ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வரும். வருடம் முழுக்க வரும். நம் பிள்ளைகளோ "மதிப்பிற்குரிய ஐயா" என்று நாற்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடுகிறார்கள். எங்கள் குழுத் தலைவர் அவற்றில் இரண்டாம் வரியைத் தாண்டுவதில்லை.

நீ அப்படிச் செய்யாதே. மீகடத்தி சம்பந்தமாக விளம்பரம் வந்தால் உன் எம்.எஸ்சி. புராஜெக்டை முதல் பத்தியிலேயே எழுது. 92 கெல்வினில் விழ வேண்டிய மின்தடை உன் ஒய்பிசிஓ வில்லையில் 85க்குப் போய்த்தானே விழுந்தது? ஆக்ஸிஜன் குறைந்திருக்கிறது என்று யூகித்து, ஆக்ஸிஜன் ஓட்டத்தில் மறுபடி உலையில் வைத்தாயே, அதைச் சொல். முதல் தரம் வாங்கினதைவிட அதைத்தான் இவர்கள் கேட்பார்கள். என்.எஸ்.எஸ். சான்றிதழெல்லாம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

லெய்டன் உனக்குப் பொருத்தமான ஊர்தான். காமர்லிங் ஓன்னஸ் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கியதும், 1911இல் பாதரசத்தில் மீகடத்தலைக் கண்டதும் இங்கேதான். அந்தப் பழைய ஆய்வகத்தில் இப்போது சட்டம் படிக்கிறார்கள்! அறிவியல் புலத்தில் வானியல், கணிதம், வேதியியல், மருந்தாய்வு என்று எட்டு நிறுவனங்கள். அதனால் இயற்பியல் விளம்பரத்தோடு நின்றுவிடாதே. வேதியியலிலும் பொருளறிவியல் தெரிந்த ஆளைத் தேடுவார்கள்.

நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பது போல நீயும் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். குழுவில் இப்போது இருக்கும் மாணவர்களோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேள். முன்னால் முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, மேற்பார்வையாளர் வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுவாரா, கற்பிக்கும் வேலை எவ்வளவு என்று விசாரி. பெரிய பெயரைப் பார்த்து மயங்காதே. பெயர் பெற்றவர் பாதி நாள் விமானத்தில்தான் இருப்பார். முதல் வருட முடிவில் ஒரு மதிப்பீடு வைத்து, மேலே தொடரலாமா என்று தீர்மானிப்பார்கள். அந்தச் சமயத்தில் உனக்காகப் பேச ஆள் வேண்டும்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு இங்கே ஒரு திருவிழா. ராபன்பர்க் கால்வாய்க் கரையில் உள்ள பழைய மண்டபத்தில், பக்கத்தில் இரண்டு தோழர்கள் நிற்க, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் கோலோடு ஒருவர் வந்து "ஹோரா எஸ்ட்" என்று லத்தீனில் அறிவிப்பார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அத்தோடு சரி. போன மாதம் என் தோழி ஒருத்தி பதில் தெரியாத கேள்வியில் மாட்டி முழித்தபோது அந்த ஆள் வந்து காப்பாற்றினார்.

தற்குறிப்பும் கடிதமும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். ஏஜென்ட் எவனுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அக்கா