பாலத்தில் நின்ற புல்லட்



"சார், புல்லட்டை வித்துட்டீங்களாமே?" என்று நான்கைந்து பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. ஆனால் விலை பேசியது உண்மை. என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1979 மாடல், 350 சி.சி. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் செய்தது. 1987-ல் பழைய வண்டியாக வாங்கினேன். அதன் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வகுப்புக்குள் ஓடி உட்கார்ந்தவர்கள் உங்களில் பலர் உண்டு.

போன சித்திரையில் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. தில்லைநகரில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. உதைத்து உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. உச்சி வெயிலில் நான் வண்டியைத் தள்ள, அவர் அந்தக் காலோடு மாம்பழச் சாலை வரை நடந்தே வந்தார். நிழலில் நிறுத்தி அரை மணி கழித்து உதைத்தால், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது! இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை அவர் சொன்னார்: "இனிமே நான் ஆட்டோவுலயே போய்க்கிறேங்க. நீங்க மெதுவா தள்ளிக்கிட்டு வாங்க."

கோபத்தில் ஒரே மாலையில் புது பிளக், புது காயில் போட்டேன். கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே பாலம், அதே இருமல். மகனும் போனில் "வித்துடுங்கப்பா" என்றான். பாலக்கரையில் ஒருவரிடம் விலை பேசி முடித்தேன்.

கொடுப்பதற்கு முன் ஒரு தடவை காட்டுவோம் என்று, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. "என்னென்ன மாத்துனீங்க சார்?" என்றார். பட்டியலைச் சொன்னேன். "எல்லாத்தையும் ஒரே நாள்லயா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப்போட்டவன் நான்தானே!

"ஆறியிருக்கும்போது திறந்து புண்ணியமில்ல சார்" என்று சொல்லி, வண்டி நிற்கும் வரை ஓட்டிவிட்டு வந்தார். பிறகு வரிசையாகப் பார்த்தார். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினார். அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பியது. அப்படியென்றால் பாட்டரியிலிருந்து கரன்ட் வருகிறது, பாயிண்ட்டும் மூடித் திறக்கிறது. பாயிண்ட் இடைவெளியை அளந்தார். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இருந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தார். நீலமாகப் படீரென்று வர வேண்டிய பொறி மஞ்சளாகச் சோர்ந்து வந்தது. அதே நேரம் பாயிண்ட் முனையில் பளிச் பளிச்சென்று தீப்பொறி. "பாத்தீங்களா சார், பிளக்குல வர வேண்டிய நெருப்பு இங்க வருது. கண்டன்சர்."

விரல் நுனி அளவு உருளைதான் அது. ஓடுகிற வாய்க்காலின் மதகைச் சட்டென்று இறக்கினால் தண்ணீர் எகிறி வழியும். பக்கத்தில் ஒரு குழி இருந்தால் அதில் போய் அடங்கும். பாயிண்ட் திறக்கும் நொடியில் கண்டன்சர்தான் அந்தக் குழி. அது வேலை செய்தால் கரன்ட் சுத்தமாக அறுபடும், காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். செய்யாவிட்டால் பாயிண்ட்டிலேயே பொறி பறந்து சக்தி வீணாகும். என் வண்டியில் இருந்தது எப்போதோ நான் வாங்கி மாட்டிய பெயரில்லாத சாமான். சூடானால் உள்ளே தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும்.

வேறு எதையும் தொடாமல் புது கண்டன்சர் மட்டும் போட்டார். கொதிக்கிற எஞ்சின் ஒரே உதையில் எழுந்தது. நான் கிளம்பப் பார்த்தேன். "இருங்க சார்" என்று பழையதை மறுபடி மாட்டி உதைத்தார். வரவில்லை. திரும்பப் புதியதை மாட்டினார், வந்தது. "இப்பத்தான் நிச்சயம்" என்றார். இந்தக் கடைசிப் படியை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே இல்லை. கண்டன்சர் விலை, நான் வீணாக வாங்கிய காயிலின் விலையில் கால் பங்குகூட இல்லை.

பாலக்கரைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வீட்டம்மா இன்னும் முழுதாக நம்பவில்லை. போன வெள்ளிக்கிழமை அம்மா மண்டபம் வரைக்கும் ஏறி வந்தார். "பாலத்துக்கு அப்புறம் பாக்கலாம்" என்றிருக்கிறார். அந்த வெயிலில் அவரை நடக்கவைத்தது வண்டி மட்டுமல்ல, வரிசையாக யோசிக்காத என் அவசரமும்தான்.

உங்கள் வீட்டிலும் அப்பாவின் பழைய வண்டி மூலையில் நிற்கலாம். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அது எப்போது நிற்கிறது, சூட்டிலா, ஆறிய பிறகா என்று கவனியுங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் அந்தத் தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன்.