லயத்தோரப் பச்சைவீடு

நுவரெலியாவின் தைமாதக் காலைகளைச் சுற்றுலாப் பயணிகள் புகழ்வர். கீரைப் பாத்தி வைத்திருப்போர் அஞ்சுவர். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலே, முகிலும் காற்றுமற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, விடியும்போது புல்நுனியில் உறைபனி படிந்திருக்கும். அத்தகைய ஓரிரவில் தமது சலாது முழுவதையும் இழந்த பின்னரே, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் லயத்தின் ஓரத்தில் பச்சைவீடு ஒன்றை அமைத்தார்.

கண்ணாடி மாளிகை எதையும் கற்பனை செய்யவேண்டியதில்லை. மூங்கிற் கழிகளை வளைத்து நட்டு, மேலே பொலித்தீன் விரித்த பத்தடிக் கூடாரமே அது. இரும்புக் குழாய் நெடுங்காலம் நிற்கும். ஆயினும் நிலம் தோட்டத்துக்குரியது. அகற்றச் சொன்னால் ஒரு காலைப்பொழுதில் அகற்றத்தக்கதையே அவர் கட்டினார்.

சூடாக்கும் கருவி எதுவும் அங்கில்லை. பகலில் ஞாயிறு சூடாக்கிய காற்று மேலெழுந்து கலைந்துவிடாதவாறு பொலித்தீன் தடுக்கிறது; அவ்வளவே. கண்ணாடி வீட்டிலும் இதுவே முதன்மையான செயல் என 1909இல் ஆர். டபிள்யூ. வூட் என்னும் இயற்பியலாளர் ஒரு சிறு பரிசோதனை கொண்டு வாதிட்டார். (வளிமண்டலத்தின் 'பச்சைவீட்டு விளைவு' வேறு வகையானது, பெயர்தான் பொருந்தவில்லை.) ஆனால், தெளிந்த இரவில் மெல்லிய பொலித்தீனூடே வெப்பக் கதிர்கள் எளிதில் தப்பிவிடும். மூதாட்டி வூட்டை அறியார். எனினும் உள்ளே கயிறு கட்டி, இலைகளுக்குமேல் பழஞ்சேலை விரித்தார். பயிர் பிழைத்தது. நண்பகலில் இருமுனைகளையும் திறக்க மறந்தாலோ, சலாது தண்டு நீண்டு கசந்துவிடும்.

செடியைப் பிடுங்காது வெளியிலைகளை மட்டும் ஒடிப்பார். அவை கொழும்பு விடுதிகளுக்குச் சென்றன. வீட்டார் உண்டதில்லை. "பச்சையா மேயிறதுக்கு நாம என்ன ஆடா?" என்பார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, விடுதிகள் மூடின, லொறி வரவில்லை. இலைகளோ வளர்ந்தன. அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் இட்டுச் சுண்டினார். பேரப்பிள்ளைகள் மறுநாளும் கேட்டனர்.

2022இல் பொலித்தீன் கிழிந்தது. டொலரொன்று 360 ரூபாவைத் தொட்டிருந்த காலம். விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பினார். முந்திய ஆண்டின் உரத்தடைக்குப் பின் வெறுமையாய்க் கிடந்த உரப்பையொன்றை வெட்டி, கிழிசலிற் தைத்தார். அந்த ஒட்டின் நிழலில் விளையும் இலைகள் வெளிறியவை, லொறிக்காரர் ஏற்பதில்லை. அப்பாத்தி இப்போது சுண்டலுக்கு.