அம்பு வெட்டிய கதை (ஒரு இஞ்ச் கம்மி)

வாரம் அஞ்சு நாள் வீட்லயே உக்காந்து பொட்டி தட்டுற ஆளு, ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு, கையில குட்டி கிரைண்டரோட நின்னா அம்மா என்ன கேப்பாங்க? "ஏம்பா, இன்ஜினியரிங் படிக்க வச்சது இதுக்குத்தானா?"ன்னு கேட்டாங்க. "அம்பு வெட்டுறேம்மா"ன்னேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு ஒண்ணும் பேசாம கீழ போயிட்டாங்க.

ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன். சென்னையில வேலை பாத்தப்ப பொழுதுபோக்கா வில்வித்தை கத்துக்கிட்டேன். ஒலிம்பிக்ல 70 மீட்டர் தள்ளி நின்னு 12.2 சென்டிமீட்டர் வட்டத்துல அடிக்கிறாங்களே, அந்தக் கதையெல்லாம் இல்லீங்க. நமக்கு 18 மீட்டரே மூச்சு வாங்கும். வீட்லேருந்தே வேலைன்னு ஆனதும் கள்ளக்குறிச்சிக்கே வந்துட்டேன், வில்லும் கூடவே வந்துடுச்சு.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறினா வெள்ளிமலைப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் இருக்கார். மரவள்ளி, சாமை போடுற விவசாயி. அவரு பொண்ணு அப்ப எட்டாவது படிச்சுட்டிருந்தா. என் வில்லைப் பாத்துட்டு விடவே இல்ல. "மலையில பொறந்த புள்ள, ரத்தத்துலயே இருக்கும்"னு நான் பெருமையா சொன்னேன். நண்பர் சிரிச்சுட்டு, "எங்கூட்டுல யாரும் வில்லு புடிச்சதில்ல தம்பி, மம்புட்டிதான்"னார். முதல் பல்பு அங்கதான் வாங்கினேன்.

சரி, மேட்டருக்கு வர்றேன். பழைய மரவில் ஒண்ணு, 20 பவுண்டு இழுவை, அவளுக்குக் குடுத்துட்டேன். அம்புக்குக் காசு? அளவா வெட்டி ரெடியா வர்ற அம்பு விலை அதிகம். அதனால ஆன்லைன்ல வெட்டாத கார்பன் தண்டு ஆறு வாங்கினேன். வெட்டுறது நம்ம வேலைன்னு முடிவு.

ஆக்சா பிளேடு ஆகாது. கார்பன் நார் நாரா பிரிஞ்சிடும். பிளம்பர் வச்சிருக்கிற பைப் கட்டர் அலுமினியத் தண்டுக்கு ஓகே, கார்பனை நெரிச்சு விரிசல் விட்டுடும். வேகமா சுத்துற மெல்லிசு கட்டிங் டிஸ்க்தான் சரி. கிரைண்டரை அசையாம நிறுத்த ஒரு பலகை, அதுல தண்டு உக்கார்ற மாதிரி வி காடி போட்ட ரெண்டு கட்டை, பின்னாடி ஒரு தடுப்பு. தடுப்பு இருந்தா ஆறும் ஒரே நீளத்துக்கு வரும். இந்தப் பலகையைச் செஞ்சு குடுத்தவர் எங்க தெரு ஆசாரி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அந்த மாதிரி சாமி சிலை செதுக்குற கை. காசு வேணாம்னுட்டார்.

தண்டை டிஸ்க்குல அழுத்தக்கூடாது. லேசாத் தொட வச்சு, விரலால மெதுவா உருட்டணும். மூக்குக்கு நல்ல மாஸ்க், முழுக்கை சட்டை, கண்ணாடி கட்டாயம். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தோல்ல பட்டா அரிக்கும். அதுல கரண்டும் பாயும், அதனால லேப்டாப் பக்கத்துல வெட்டவே கூடாது. ஈரத்துணியால துடைச்சுடணும். வெட்டின முனையில மார்க்கர் மையைத் தடவி, உப்புத்தாளில தேச்சுப் பாருங்க. மை சுத்தி ஒரே மாதிரி போனா முனை நேரா இருக்குன்னு அர்த்தம்.

இவ்வளவும் சரியாத்தான் செஞ்சேன். சொதப்பினது வெட்டுறதுக்கு முன்னாடி.

முதல் நாளே அவளை ஒரு நீள அம்பை இழுக்கச் சொல்லி, வில்லுக்கு முன்பக்கம் கோடு போட்டேன். நாண் மாட்டுற பள்ளத்துலேருந்து 25 இஞ்ச். ஒரு இஞ்ச் சேத்து 26ல வெட்டிட்டேன். ஆசாரி அப்பவே சொன்னார், "அறுத்த மரத்த ஒட்டலாம் தம்பி, வளக்க முடியாது. புள்ள வளரும்ல?" பலகைக்கு நன்றி சொன்னேன், இதைக் காதுல வாங்கல.

அம்பெல்லாம் இடது பக்கமாவே போச்சு. நான் அவ முழங்கையைத் திருத்தினேன், நிக்கிற விதத்தைத் திருத்தினேன், "கவனம் பத்தல"ன்னு திட்டவும் செஞ்சேன். மாசக்கணக்குல.

அப்புறம் ஒரு நாள். மூச்சை இழுத்து, நாணைத் தாடை வரைக்கும் அழகா இழுத்தா. அம்பு முனை வில்லுக்கு உள்ள வந்து ரெஸ்ட் மேலயே தொத்திக்கிட்டு நின்னுச்சு. இன்னும் அரை இஞ்ச் இழுத்திருந்தா முனை கீழ விழுந்திருக்கும். விட்டிருந்தா வில்லைப் பிடிச்ச கைக்குள்ளதான் போயிருக்கும். "விடாத! மெதுவா முன்னாடி கொண்டா!"ன்னு கத்தினேன். கொண்டு வந்தா. அவ கை நடுங்கல, எனக்குத்தான் நடுங்குச்சு.

ராத்திரி உக்காந்து யோசிச்சா எல்லாம் புரிஞ்சுது. புதுசா பிடிக்கிறவங்க முதல் நாள் முழுசா இழுக்க மாட்டாங்க, பழகப் பழக இழுவை நீளும். கூடவே புள்ளயும் வளந்திருக்கா. அடுத்தது விறைப்பு. தண்டுல 500ன்னு போட்டிருந்தா, 28 இஞ்ச் இடைவெளியில தாங்க வச்சு நடுவுல சுமார் 880 கிராம் தொங்கவிட்டா அரை இஞ்ச் வளையும்னு அர்த்தம். நம்பர் ஏற ஏற தண்டு தளர்வு. ஆனா வெட்ட வெட்ட அதே தண்டு விறைக்கும். லேசான வில்லுல விறைப்பான அம்பு விட்டா, வலதுகைக்காரங்களுக்கு இடது பக்கம்தான் போகும்.

அதாவது மாசக்கணக்குல நான் திட்டினது என் தப்புக்கு அவளை.

அடுத்த வாரமே மலை ஏறிப் போய் சொன்னேன். "தப்பு உம்மேல இல்லம்மா, நான் கட்டையா வெட்டிட்டேன்." அவ கொஞ்ச நேரம் அம்பையே பாத்துட்டு, "எனக்கு வராதுன்னு நெனச்சுட்டேன் ண்ணா. விட்டுடலாம்னு இருந்தேன்"னா. அம்பு கையில குத்தியிருந்தாக்கூட தையல் போட்டிருக்கலாம். இதுக்கு என்ன பண்றது சொல்லுங்க?

புதுசா ஆறு தண்டு வாங்கினேன், 1000 நம்பர், நல்லாத் தளர்வானது. வெட்டாம முழு நீளமாவே முனை மாட்டிக் குடுத்துட்டேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா மூணு அம்பு நடுவுல சேந்து நின்னுச்சு. அவ ஒண்ணும் சொல்லல, ஓடிப் போய் அப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டினா.

புதுசா வெட்டப் போறவங்களுக்கு என் அனுபவம் இவ்வளவுதான். ஒரு மாசம் நீள அம்பாலயே பழக விட்டு அப்புறம் அளந்து பாருங்க. பெரியவங்களுக்கு ரெண்டு இஞ்சாவது விடுங்க, வளர்ற புள்ளைங்களுக்கு மூணு நாலு விடுங்க. அம்பு தொடர்ந்து ஒரே பக்கமா போனா, புள்ளயத் திட்டுறதுக்கு முன்னாடி அம்பை அளந்து பாருங்க.

கட்டையான ஆறுல ஒண்ணு மானிட்டர் பக்கத்துல பேனா ஸ்டாண்டுல நிக்குது. வர்ற ஞாயிறு மறுபடி மலைக்குப் போறேன். கிரைண்டர் வீட்லயே இருக்கட்டும்.