கை தளர்ந்தால் இழுபடும் பாட்டு

போன தவணை எங்கள் பள்ளிக்கூடக் கலைவிழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'சின்ன மாமியே' பாடினார்கள். "அடுத்ததாக ஒரு நாட்டார் பாடல்" என்று அறிவித்தாள் ஒரு சிறுமி. சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. நான் மட்டும் கதிரையில் நெளிந்தேன்.

அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலம் முழுக்க உரும்பிராய்ச் சந்தியால்தான் போய்வந்தேன். அவருடைய ஊர் அதுவென்று அப்போது எனக்கே தெரியாது. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை ஏற்றியவர் அவர். மேடைத் தமிழல்ல, வேலிக்கு மேலால் கதைக்கிற தமிழ். 1970களில் இலங்கை வானொலி இதைப் பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் ஒலிபரப்பியது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் ஒலித்தபின் பலருக்கு அது சினிமாப் பாட்டாகிவிட்டது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

அந்த அலையில் எங்கள் குஞ்சியப்பாவும் அகப்பட்டார். நாலு பேர், ஓர் இரவல் கிற்றார், இவருக்குப் பொங்கோஸ். கலியாண வீடுகள், சனசமூக நிலைய ஆண்டுவிழாக்கள். சொந்தமாக நாலு பாட்டும் கட்டினார்கள். இரண்டு வருடம் நிலைக்கவில்லை. 1983க்குப் பிறகு இருவர் வெளிநாடு போய்விட்டார்கள்.

நான் அவர்களை மேடையில் கண்டதில்லை. ஒரு கசற் இருந்தது. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப் பட்டியலில். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் பாடுகிறவர் கிழவனாவார். வேகம் கூடினால் கீச்சிடுவார். "ஒரே சீராச் சுத்தடா, பாட்டு இழுபடுது!" என்று கத்துவார் குஞ்சியப்பா. பத்து வயதுக் கைக்கு எங்கே சீர் வரும்?

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அரிசியும் உறுதிகளும் எடுத்தோம். கசற் வீட்டிலேயே கிடந்துவிட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. குஞ்சியப்பாவும் இப்போது இல்லை.

விழா முடிந்த மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். நித்தி கனகரத்தினத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். அறிவித்த அதே சிறுமி எழும்பி, "உங்கட குஞ்சியப்பான்ர பாட்டைப் பாடிக் காட்டுங்கோ சேர்" என்றாள்.

நாலில் ஒன்றரைப் பாட்டுத்தான் ஞாபகம். மேசையில் தட்டிப் பார்த்தேன். எந்த வேகத்தில் தொடங்குவதென்று பிடிபடவில்லை.